வயலின்னா அழகு, நாயனம்னா கேலியா?



இடைவேளை மணி அடித்தால் போதும், நம்ம வகுப்பில் ஒரே கொரியத் தொடர் பேச்சுதான். அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். திட்டுவதற்காக இல்லை, பயப்படாதீங்க!

‘டூ யூ லைக் பிரம்ஸ்?’ என்று ஒரு தொடர். 2020-ல் கொரியாவில் ஒளிபரப்பானது. 16 பகுதி. கதாநாயகி வணிகப் படிப்பை முடித்துவிட்டு, வயலின் ஆசையில் மறுபடியும் இசைக் கல்லூரியில் சேர்கிறாள். கூடப் படிப்பவர்களைவிட வயதில் மூத்தவள், மதிப்பெண்ணில் கடைசி. கதாநாயகன் பேர் பெற்ற பியானோ கலைஞன். மனசில் இருப்பதை வாயால் சொல்லத் தெரியாதவன், பியானோவில்தான் சொல்வான். பிரம்ஸ் என்பது பழைய ஜெர்மன் இசைமேதை ஒருவரின் பெயர். இந்தத் தொடரைப் பார்த்த பிறகு நம்ம வகுப்பில் நாலு பேர் அவர் இசையைத் தேடிக் கேட்டார்கள். நல்ல விஷயம்தானே!

ஆனா ஒரு கேள்வி. தோளில் வயலின் பெட்டியோடு அவள் நடந்து வந்தால் ‘என்ன அழகு!’ என்கிறோம். நம்ம பள்ளியில் ஒரு பையன் நாதஸ்வரம் வாசிக்கிறான் என்று தெரிந்தால் என்ன சொல்கிறோம்? ‘பீப்பீ’!

அவன் யார் என்று தேட வேண்டாம். முகூர்த்த நாளில் அப்பாவோடு வாசிக்கப் போகிறவன், லீவ் லெட்டரில் ‘காய்ச்சல்’ என்று எழுதுகிறான். சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். பிடித்த வாத்தியத்தை ஒளித்து வைக்கிற நிலைமைக்கு அவனைக் கொண்டு வந்தது யாரு? நாமதான்.

இசையும் காதலும் சேர்ந்த கதை கொரியாவிலிருந்துதான் வரணுமா? நம்மகிட்ட ‘தில்லானா மோகனாம்பாள்’ இருக்கிறதே! கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. 1968-ல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வர வித்வான், மோகனா நாட்டியக்காரி. ரெண்டு பேருக்கும் போட்டி, கோபம், அப்புறம் காதல். அவருக்குக் கையில் காயம்பட்ட பிறகு அவள் அவரைத் தனியாகப் பார்த்துப் பேச முடியாது. சபையில் ஆடிக்கொண்டே ‘நலந்தானா’ என்று பாட்டிலேயே விசாரிக்கிறாள். கொரியப் பையன் பியானோவில் செய்வதை மோகனா 1968-லேயே செய்துவிட்டாள்!

அந்தக் கதாநாயகன் யார் முன்னாலும் கூனிக் குறுகி நிற்கிறவர் இல்லை. வாசிக்கும்போது வெடிச்சத்தம் குறுக்கே வந்தால் நாயனத்தைக் கீழே வைத்துவிடுவார். பாட்டியிடம் கேட்டால் சிவாஜி, பத்மினி என்று உடனே சொல்வார். உண்மையில் வாசித்தது யார் என்று கேளுங்கள்... பதில் வராது. மதுரையைச் சேர்ந்த அண்ணன் தம்பி, எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி. இந்த ரெண்டு பெயரையும் தயவுசெய்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாதஸ்வரம் சாதாரண வாத்தியமா? ஆச்சா மரத்தில் கடைவது. விரல் வைக்க ஏழு துளைதான். எந்த ஸ்வரம் எவ்வளவு ஏறணும், இறங்கணும் என்பதை மூச்சும் விரலும் சேர்ந்துதான் தீர்மானிக்கணும். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம காஞ்சிபுரம் பட்டுக்கும் அதே குறியீடு இருக்கிறது.

பட்டு என்றதும் ஒன்று கேட்கிறேன். நம்மில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் ‘காஞ்சிப் பட்டு’ என்று யாராவது விற்றால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! கோர்வை போட ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்த கஷ்டம் நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாம், ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வரும்போது ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா? கல்யாணத்தில் முகூர்த்தப் புடவையும் வேணும், கெட்டிமேளமும் வேணும். புடவை நெய்தவருக்கு ஒரு நியாயம், நாயனம் வாசித்தவருக்கு ஒரு நியாயமா?

‘அதெல்லாம் சரி, அதில் சம்பாத்தியம் உண்டா?’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முகூர்த்த மாதத்தில் ஓட்டம், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இல்லை. நம்ம தறிக்கும் வேலை இல்லாத நாட்கள் உண்டே! வருமானம் குறைவு என்பதற்காக நம் அப்பாவை யாராவது கிண்டல் செய்தால் சிரித்துக்கொண்டு நிற்போமா?

இந்த ஊர் கேட்டுக் கேட்டே வளர்ந்த ஊர். லயத்தில் புலி என்று பெயரெடுத்த நயினாப் பிள்ளை இந்த ஊர்க்காரர். 1919-ல் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக இருந்தபோது அவர் கச்சேரிகளைக் கேட்டே நிறையக் கற்றுக்கொண்டார். பட்டம்மாள் பாட வந்த காலத்தில் குடும்பப் பெண் மேடையேறினாலே ஊர் பேசும். ராகம் தானம் பல்லவி ஆண்களுக்கு மட்டும்தான் என்றார்கள். அவர் பாடிக் காட்டினார், ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே பெயர் வாங்கினார். கேலி பேசியவர்களின் பெயர் இன்று யாருக்காவது தெரியுமா?

என் வேண்டுகோள் மூன்றுதான்.

1. ‘பீப்பீ’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுவோம்.

2. இந்த வருட ஆண்டு விழாவில் ஸ்பீக்கர் வேண்டாம். நம்ம ஊர்க் கலைஞர்களையே அழைத்து, மேடையில் உட்கார வைத்து, பெயர் சொல்லி அறிவித்து, பத்து நிமிடம் பேசாமல் கேட்போம். தலைமையாசிரியர் ஐயா மனசு வைக்கணும்.

3. காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில் ரெண்டுக்குமே மூன்று வருடப் படிப்பு உண்டு. ஆசை இருக்கிறவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பிறகு இதையும் யோசிக்கலாம் என்று ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லணும்.

கொரியத் தொடரைத் தாராளமாகப் பாருங்கள், நானும் பார்ப்பேன். அடுத்த முகூர்த்த நாளில் லீவ் லெட்டரில் ‘நாதஸ்வரம் வாசிக்கப் போகிறேன்’ என்று ஒருவன் தைரியமாக எழுதட்டும். கையெழுத்துப் போடும் ஆசிரியர், ‘என்ன ராகம் வாசிக்கப் போறே?’ என்று கேட்கட்டும்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி