யாருடைய அந்தரங்கம்?

மில் வாசலில் கைரேகை வைத்தால்தான் உள்ளே போகலாம். ரேஷன் கடையிலும் விரல், பாங்கியிலும் விரல். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் தினம் இருமுறை செல்போனில் போட்டோ எடுத்தால்தான் ஆஜர் என்று கட்டாயமாக்கினார்கள். படம் ஏறாத இடத்தில் கூலியும் ஏறவில்லை. இப்படி வாங்கிய விரலும் முகமும் எங்கே போகின்றன என்று கேட்க நமக்கு உரிமை உண்டா?

உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று.

நம் விவரத்தை இணையத்தில் எடுப்பவன் சம்மதம் கேட்க வேண்டும். தவறைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். இவற்றை நாம் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் 7வது பிரிவைப் படியுங்கள். வேலை நிமித்தமாகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காக்கவும் தொழிலாளியின் விவரங்களை உபயோகிக்கச் சம்மதம் தேவையில்லையாம்! 17வது பிரிவின்படி மத்திய சர்க்கார் தன் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுக்கலாம். புகாரை விசாரிக்கும் போர்டை நியமிப்பதும் அதே சர்க்கார்தான்.

கம்பெனிக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை. பெரிய தொகைதான், கஜானாவுக்குப் போகும். விவரம் பறிகொடுத்தவனுக்குக் காலணா இல்லை. நஷ்டஈட்டுக்கு வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. அற்பப் புகார் என்று முடிவானாலோ, கொடுத்தவனுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்.

பெரிய மோசம் 44வது பிரிவில் இருக்கிறது. 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் கூலிக்காரர்கள் மஸ்டர் ரோலைக் காட்டு என்று போராடினார்கள். வேலைக்கு வராதவன் பேரில் எழுதிய கூலி ஊர் நடுவே அம்பலமாயிற்று. அப்போராட்டத்தில் முளைத்ததே 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம். தனிநபர் விவரமானாலும் பொதுநலன் இருந்தால் தர வேண்டும் என்று அதன் 8(1)(ஜே) பிரிவில் இருந்த வாசகத்தை இப்போது எடுத்துவிட்டார்கள். 8(2) இருக்கிறதே என்கிறது சர்க்கார். அதில் இருப்பது “தரலாம்” என்ற சொல். அதிகாரி மனம் வைத்தால்தானே!

நம்மைக் காப்பதாகச் சொல்லும் முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாதம் தவணை. காண்டிராக்டரும் அதிகாரியும் ஒளிந்துகொள்ள உதவும் இந்தத் திருத்தமோ 2025 நவம்பரிலேயே அமுலாகிவிட்டது. அவசரம் யாருக்கு என்பது தெரியவில்லையா?

அந்தத் திருத்தத்தை வாபஸ் வாங்க வேண்டும். நஷ்டஈட்டு உரிமை வேண்டும். அதுவரை ஒவ்வொரு மில் சங்கமும் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கட்டும்: எங்கள் ரேகை யாரிடம் இருக்கிறது? வேலையை விட்டுப் போனவர்களின் ரேகையை அழித்தீர்களா? வரும் பதிலை நமக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.