கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

சென்ற வாரம் பலசரக்குக் கடை நடத்தும் அன்பர் ஒருவர் கணக்குக் கொப்பியுடன் எம்மிடம் வந்தார். வருமான வரி விவரத்திரட்டை ஒப்புவிக்க வேண்டிய நவம்பர் 30ஆந் திகதி நெருங்கிவிட்டதாம். கொப்பியைப் புரட்டினோம். கடை வாடகை, வேலையாள் சம்பளம், லொறிக் கூலி ஆகியவற்றினிடையே மகளின் சேலையும் மாமியாரின் மருந்தும் குடியிருந்தன!

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, வருமானத்தை ஈட்டுதற்காகச் செய்த செலவையே கழிக்கலாம். வீட்டுச் செலவைக் கழித்தலாகாது. குளிர்சாதனப் பெட்டி போன்ற மூலதனப் பொருளின் விலையும் பொதுவாக ஆண்டுதோறும் பகுதி பகுதியாகவே கழிக்கப்படும்.

அன்பரின் கடை, வீட்டின் முன்புறத்திலேயே உள்ளது, மின்மானியும் ஒன்றே. மின்பட்டியல் முழுவதையும் கடைமீது ஏற்றியிருந்தார். கடைக்குரிய பங்கை மட்டும் எழுதச் சொன்னோம். முகம் சுருங்கிற்று. எனினும், அவருக்கு மெய்யான நட்டம் வேறிடத்தில் இருந்தது. நியாயமாகக் கழிக்கக்கூடிய பெருந்தொகையாகிய லொறிக் கூலிக்குப் பற்றுச்சீட்டே இல்லை.

"சீட்டுக் கேட்டால், தன்னைச் சந்தேகிப்பதாக லொறிக்காரர் எண்ணமாட்டாரா, மாஸ்டர்?" என்றார்.

அவர் கொணர்ந்த பெட்டியிலிருந்த காகிதங்களை மேசைமேற் கொட்டித் தேடினோம். மார்கழியில் எழுதிய சீட்டு ஒன்று அகப்பட்டது. அதுவும் மழையில் நனைந்து, தொகை அழிந்துபோயிருந்தது.