வெண்டிரையில் நம் குரல்

ஒரு மொழிக்குச் சட்டத்தில் இடங் கிடைத்தல் வேறு. அம்மொழி பேசுவோரின் வாழ்வு நாட்டின் வெண்டிரையில் இடம் பெறுதல் வேறு. 1987ஆம் ஆண்டிற் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியதனால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், இரு மொழி வழங்கும் இந்நாட்டிலே திரைப்படமும் தொலைக்காட்சியும் இரு மொழிக்கும் ஒப்பாக வளர்ந்தனவா என வினவின், இல்லை என்பதே விடையாகும்.

இக்குறை தொடக்கத்திலேயே விதிக்கப்பட்டதன்று. முதலாவது சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னுந் தமிழர். படம் உருவானதும் தென்னிந்தியாவிலேயே. அதன்பின் வந்த சிங்களப் படங்கள் பலவும் தென்னிந்தியப் படங்களின் நிழலிலேயே நின்றன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ என்னும் படத்தைக் கலையகத்துக்கு வெளியே, கிராமத்து வெயிலில் எடுத்து, அந்நிழலை விட்டு நீங்கினார். அவருடைய ‘சந்தேசய’ 1960இல் வெளிவரப் பொருள் முதலிட்டவரும் கே. குணரத்தினம் என்னுந் தமிழரே. சிங்களத் திரைக்கலை தன் மண்ணைக் கண்டுகொண்டதில் தமிழர்க்கும் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழிலும் அத்தகைய முயற்சி எழாமலில்லை. 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’ எனத் தொடங்கி, எழுபதுகளில் அது ஓரளவு தழைத்தது. வானொலி நாடகமொன்று 1976இற் ‘கோமாளிகள்’ என்னும் படமாயிற்று. காவலூர் இராசதுரையின் எழுத்தில், தர்மசேன பத்திராஜ என்னுஞ் சிங்களக் கலைஞர் நெறிப்படுத்திய ‘பொன்மணி’ (1977), யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் கூசாமற் காட்டியது. செங்கை ஆழியானின் நாவலாகிய ‘வாடைக்காற்று’ 1978இல் மீனவர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது.

பின்னர் வந்தது 1983 ஆடி. ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா கலையகந் தீக்கிரையாயிற்று. தமிழரின் உடைமையென்று மூட்டிய தீயிலே, அங்குப் பேணப்பட்டிருந்த சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் எரிந்தன. பகைமை தன் வீட்டுக் கலையையுந் தின்றே ஓயும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தொலைக்காட்சி இந்நாட்டுக்கு 1979இலும், அரச ரூபவாஹினி 1982இலும் வந்தன. சிங்களத் தொலைநாடகம் நல்ல எழுத்தாளரையும் நடிகரையுந் தன்பால் ஈர்த்து வளர்ந்தது. தமிழுக்கெனச் ‘சக்தி’ 1998இலும், ‘வசந்தம்’ 2009இலுந் தோன்றின. அலைவரிசை கிடைத்தது, ஆயின் அதனை நிரப்பியவற்றுட் பெரும்பகுதி கடல் கடந்து வந்த தொடர்களும் திரைப்பாடல்களுமே. நம் வகுப்பறைப் பிள்ளைகள் சென்னைத் தெருவின் பேச்சை நன்கறிவர். மட்டக்களப்பாரின் பேச்சையோ, மலையகத்தாரின் பேச்சையோ திரையிற் கேட்டறியார்.

பழியை அயலார்மேல் மாத்திரஞ் சுமத்தல் முறையன்று. அறுபதுகளிற் சிறுகதையிலே பேச்சுவழக்குப் புகுந்தபோது, ‘இழிசனர் வழக்கு’ என்று அதனை இகழ்ந்தோர் பண்டிதர் சிலரே. அம்மரபில் வந்த நாமும், நம்மவர் படத்திற் கேட்ட நம்மூர்ப் பேச்சைக் கொச்சையென்று நகைத்தோம்; சென்னைப் படத்தின் கொச்சையையோ விலை கொடுத்துச் சுவைத்தோம். சிறு பொருளில் எடுத்த படத்தைப் பெரும் பொருளில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக் கைவிட்டோருள் நாமும் அடங்குவோம்.

இனிச் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, இந்நாட்டில் உருவாகும் ஒவ்வொரு படமும் தொலைநாடகமும் மற்றைய மொழியின் எழுத்துரையோடு வெளிவருதல் வேண்டும். போர் முடிந்து ஊர் திரும்பிய போராளி ஒருவனின் துயரை, அசோக ஹந்தகம 2012இல் ‘இனி அவன்’ எனத் தமிழிலேயே படமாக்கினார். அதனைக் காணாத சிங்கள மாணவனுக்கும், ‘ரேகாவ’வைக் காணாத தமிழ் மாணவனுக்கும் இழப்பு ஒன்றே. இரண்டாவது, அரச அலைவரிசைகள் உள்நாட்டுத் தமிழ் நாடகத்துக்கென நேரமும் பொருளும் வரையறுத்து ஒதுக்குதல் வேண்டும். மூன்றாவது நம் கையிலுள்ளது: எஞ்சிய பழைய படங்களைத் தேடிப் பேணி, பாடசாலை மன்றங்களிற் காட்டி, நூலை ஆராய்வதுபோல் அவற்றையும் மாணவரோடு ஆராய்தல்.

சட்டம் நம் மொழிக்கு ஆசனம் அளித்தது. அதில் அமர்ந்து பேசவேண்டிய குரல் நம்முடையது. அக்குரலை நாமே கேட்க நாணுவோமாயின், பிறர் கேட்டிலர் என முறையிடுதற்கு நமக்கு உரிமை யாது?