உறைநிலை 'தாழ்கிறது' என்றால் என்ன பொருள்?

பெங்களூருவில் மாலை வேளைகளில் மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டியை நம்மில் பலர் கண்டிருப்போம். பானைக்குள் உடைத்த பனிக்கட்டி, அதன்மேல் கல்லுப்பு, நடுவே பால் நிரப்பி மூடிய அச்சுகள். அண்மையில் அத்தகைய வண்டியொன்றின் அருகே நின்றபோது, உடனிருந்த வேதியியல் மாணவரிடம் "உப்பு எதற்கு?" என்று கேட்டேன். அவர் தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்தவர். "உறைநிலைத் தாழ்வு, அதனால் விரைவில் உறையும்" என்றார். கலைச்சொல் சரி, விளக்கம் தவறு.

இப்பிழைக்கு மாணவரைவிட நாம் கற்பிக்கும் முறையே பொறுப்பு என்பது என் கருத்து.

வேலி தாழ்ந்தால் தாண்டுவது எளிது; விலை தாழ்ந்தால் வாங்குவது எளிது. அன்றாட வழக்கில் 'தாழ்வு' பெரும்பாலும் எளிமையையே சுட்டுகிறது. உறைநிலையோ, நீர் குளிர்ந்து இறங்கிச் சென்று அடைய வேண்டிய இடம். அது தாழத் தாழ, அடைவது அரிதாகிறது. தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். கடல்நீர் உறைய ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி வரை குளிர வேண்டும். ஒரு கிலோ நீரில் 58 கிராம் உப்பைக் கரைத்தால் மைனஸ் 3.4 டிகிரி வரை.

காரணம் எளியது. பனிக்கட்டியின் பரப்பில் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் விலகுகின்றன, ஓயாமல் வந்து ஒட்டுகின்றன. உப்பு கரைந்த நீரில் சோடியம், குளோரைடு அயனிகளும் இடம்பிடிப்பதால் ஒட்ட வரும் நீர் மூலக்கூறுகள் குறைகின்றன, விலகுபவை குறைவதில்லை. எனவே பனிக்கட்டி உருகுகிறது. உருகுவதற்குக் கிராமுக்கு ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் தேவை; அவ்வெப்பம் பானையிலிருந்தும் பாலிலிருந்தும் பறிக்கப்படுகிறது. தக்க அளவில் உப்பு கலந்தால், கலவை மைனஸ் 21 டிகிரி வரைகூடக் குளிரக்கூடும். உப்பு பாலுக்குள் செல்வதே இல்லை. வெளியில் உள்ள நீரை உறையவிடாமல் தடுத்தே உள்ளிருக்கும் பாலை உறையச் செய்கிறது.

இத்தகைய குழப்பங்களைக் காட்டி, 'வீட்டுச் சொற்கள் அறிவியலுக்கு ஒவ்வா' என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. தயிருக்கு ஊற்றும் 'உறை'யிலும் நீர் 'உறை'வதிலும் இருப்பது ஒரே சொல். கன்னடத்திலும் தயிருக்கு இடுவது 'ஹெப்பு', உறைவது 'ஹெப்புகட்டுவது'. நெகிழ்ந்தது இறுகும் நிகழ்வை இரு மொழிகளும் அடுக்களை வழியாகவே கண்டுகொண்டன. ஆயினும் ஒரு வேறுபாட்டை ஆசிரியர் சுட்டியே ஆக வேண்டும்: பாலில் சேர்க்கும் உறை இறுகச் செய்கிறது, நீரில் சேர்க்கும் உப்பு இறுகலைத் தடுக்கிறது.

கலைச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை. 'டிப்ரஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இறக்கத்தையே குறிக்கிறது. மாற்ற வேண்டியது வரிசையை. முதலில் பானை, அடுத்து 'உப்புநீர் உறைய இன்னும் குளிர வேண்டும்' என்னும் எளிய தொடர், பிறகு 'உறைநிலைத் தாழ்வு', இறுதியில் சூத்திரம். இன்று பெரும்பாலும் சூத்திரத்தில் தொடங்கி, 1.86 என்னும் மாறிலியைப் பெருக்கி விடை கண்டதும் பாடம் முடிந்துவிடுகிறது.

வேதியியல் கற்பிக்கும் நண்பர்கள் இப்பாடத்தை எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.