காரின் தலையில் கட்டிய ஸ்கீ



கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன சனிக்கிழமை டொரொண்டோவிலிருந்து ப்ளூ மவுண்டனுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போனோம். (நான் போனது காபி குடிக்க!) இரண்டு ஜோடி ஸ்கீ, பேரனின் ஸ்னோபோர்டு எல்லாவற்றையும் மாப்பிள்ளை காரின் கூரைக் கம்பியில் கயிற்றால் கட்டினார். "இரண்டு மணி நேரம்தானே அத்தை" என்றார். மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டேன். வகுப்பில் இப்படி இருந்திருப்பேனா?

நெடுஞ்சாலையில் தலைக்கு மேல் கடகடவென்று சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தால், முடிச்சு தளர்ந்து ஒரு ஸ்கீ ஒரு சாண் பின்னே நகர்ந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையாகக் கார்கள்.

கயிறு கூடவே கூடாது என்பேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. இதற்கென்றே பூட்டோடு பிடிப்பான் விற்கிறார்கள். வளைந்த முனை பின்பக்கம் இருக்கட்டும். முன்னால் வைத்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும். கூரை தாங்கும் எடை காரின் கையேட்டில் இருக்கும். அந்தக் கணக்கில் பிடிப்பானின் எடையும் சேரும். கொஞ்ச தூரம் போனதும் இறங்கி ஆட்டிப் பாருங்கள்.

திரும்பும்போது எல்லாம் காருக்குள்ளேதான். பேரனுக்குக் கால் நீட்ட இடமில்லை, ஒரே முணுமுணுப்பு.

நேற்று மாப்பிள்ளை பிடிப்பான் வாங்கிப் பொருத்திவிட்டார். "அத்தை, நீங்களே ஆட்டிப் பாருங்கள்" என்றார். ஆட்டினேன். அசையவில்லை.