மஹல்லாவுக்குள் ஒரு போட்டி: வெற்றியைவிடப் பெரியது எது?





சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியின் ஒரு மஹல்லாக் கூட்டத்தில் இளைஞர்கள் சிலர் ஒரு கோரிக்கை வைத்தார்கள். மதரஸாவை ஒட்டிய வெற்றிடத்தில் இறகுப்பந்துப் போட்டி ஒன்று நடத்த அனுமதி வேண்டும் என்பதே அது. "பள்ளிவாசலுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. மார்க்கம் கற்பிக்கும் நானும் அன்று வாய் திறக்கவில்லை. இளைஞர்கள் எதிர்த்துப் பேசவில்லை, எழுந்து போய்விட்டார்கள். அடுத்த மாதம் அவர்கள் வேறோர் ஊரில், நுழைவுக் கட்டணம் கட்டி, நள்ளிரவு வரை ஆடிவிட்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைய இஷாவும் மறுநாள் ஃபஜ்ரும் அவர்களில் பலருக்குத் தவறிப் போயின. அந்தப் பொறுப்பில் என் மௌனத்துக்கும் பங்குண்டு என்ற உறுத்தல் இன்றுவரை எனக்கு இருக்கிறது. அந்த உறுத்தலே இக்கட்டுரை.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: நம் பிள்ளைகள் விளையாடத்தான் போகிறார்கள். அந்த ஆட்டத்தை மஹல்லாவே முன்னின்று, ஒழுங்கோடு நடத்தினால் ஊரும் ஒன்றுபடும், விளையாட்டும் வளரும். நாம் ஒதுங்கிக்கொண்டால் இரண்டுமே பிறர் கைக்குப் போய்விடும்.

இதற்குச் சான்றாக ஒரு புதிய விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். பிக்கிள்பால் என்ற பெயரை நம் பிள்ளைகள் இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் என்னும் தீவில் ஜோயல் பிரிட்சர்ட் என்பவரின் வீட்டில் இது பிறந்தது. விடுமுறையில் பொழுது போகாமல் இருந்த குடும்பத்தினருக்காக, முற்றத்திலிருந்த பழைய இறகுப்பந்துத் திடலில், மேசைப்பந்து மட்டைகளையும் துளைகளுள்ள பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு அவரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய ஆட்டம் இது. வீட்டாரை ஒன்றாக ஆட வைக்கப் பிறந்தது என்பதால்தான் இதன் விதிகளும் அதற்கேற்ப அமைந்திருக்கின்றன.

ஆடுகளம் 44 அடி நீளம், 20 அடி அகலம். இறகுப்பந்து இரட்டையர் ஆடுகளத்தின் அளவும் இதுவே. வலையின் உயரம் நடுவில் 34 அங்குலம்தான். பந்தைக் கீழிருந்து மேலாக அடித்தே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். வலையை ஒட்டிய 7 அடிப் பகுதியில் நின்றுகொண்டு பந்தைத் தரையில் படவிடாமல் அடிக்கக் கூடாது. இவ்விதிகளால் வெறும் உடல் வலிமை மட்டும் வெல்ல முடியாது. நிதானமும் கவனமும் தேவை. அறுபது வயது வாப்பாவும் பதினாறு வயது மகனும் ஒரே பக்கம் நின்று ஆட முடிகிற ஆட்டம் இது. நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வருபவரும், குறிஞ்சிப்பாடித் தறியில் நாளெல்லாம் அமர்ந்திருப்பவரும், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு விடலாம்.

இந்த ஆட்டம் எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கவனியுங்கள். அறியப்பட்ட முதல் பிக்கிள்பால் போட்டி 1976இல் அதே வாஷிங்டன் மாநிலத்தின் டக்விலா என்னும் ஊரில் நடந்தது. கலந்துகொண்டவர்களில் பலர் டென்னிஸ் ஆடிய கல்லூரி மாணவர்கள். இந்த ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியாது. தேசிய அளவிலான சங்கம் அமைந்ததோ 1984இல்தான். அதாவது, முதலில் ஓர் ஊர்ப் போட்டி. எட்டு ஆண்டுகள் கழித்தே சங்கம். நம் நாட்டில் சுனில் வலவல்கர் இதை அறிமுகப்படுத்தி, 2008இல் அகில இந்தியச் சங்கம் உருவானது. 2025இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்திய பிக்கிள்பால் சங்கத்தைத் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக அங்கீகரித்தது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஆடுகளங்கள் பெருகி வருகின்றன.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. வாடகை ஆடுகளத்தில் மட்டும் ஒரு விளையாட்டு வாழ்ந்தால், அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே நின்றுவிடும். சிற்றூரின் தெருவுக்கு அது வந்து சேர, சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு திடலும், ஊரார் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு போட்டியும் வேண்டும். போட்டி என்று ஒரு நாள் குறிக்கப்பட்டால்தான் பிள்ளைகள் விதியைப் படிப்பார்கள். நடுவராக நிற்க ஒருவர் கற்றுக்கொள்வார். மட்டை வாங்க முடியாதவருக்கு மற்றவர் இரவல் தருவார். வேடிக்கை பார்க்க வந்த சிறுவன் அடுத்த முறை ஆட வருவான். விளையாட்டு வளர்வது இந்த வழியில்தான்.

இது வெறும் கற்பனையன்று. தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் அவ்வூரில், ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் நினைவாக அகில இந்தியக் கால்பந்துப் போட்டியைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. வெளி மாநில அணிகளும் அங்கு வந்து ஆடுகின்றன. ஒரு கடற்கரைச் சிற்றூர் தன் திடலுக்கு நாட்டையே விருந்துக்கு அழைக்கிறது. அணிகளைத் தங்க வைப்பது, உணவளிப்பது, திடலைப் பராமரிப்பது, கூட்டத்தை ஒழுங்கு செய்வது ஆகியவற்றுக்குள் ஓர் ஊரின் எத்தனை கைகள் இணைய வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோப்பை ஒரே அணிக்குத்தான் போகும். இணைந்து உழைத்த பழக்கம் ஊரில் தங்கும்.

ஒரு தெருவின் ஆட்டம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு வடசென்னையில் ஒரு சான்று இருக்கிறது. புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த சகோதரி காசிமா, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அந்தத் தந்தையே தம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் பயிற்றுவிப்பவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் காசிமா தங்கம் வென்றார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் வழங்கிச் சிறப்பித்தது. பணம் கொழிக்கும் பயிற்சிக் கூடம் அவரை உருவாக்கவில்லை. அக்கறையுள்ள ஒரு தந்தையும், ஆடுவதற்குப் பலகையும், கூட ஆடப் பிள்ளைகளும் இருந்தன.

"மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?" என்று கேட்பவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வே விடை. புகாரியில் இடம்பெறும் செய்தி ஒன்றைக் காண்போம். அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். அம்பெய்யுமாறு ஊக்கப்படுத்தி, தாம் இன்ன அணியுடன் இருப்பதாகக் கூறினார்கள். உடனே எதிரணியினர் எய்வதை நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டபோது, தாங்கள் அவர்களுடன் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்றார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள், எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்ற கருத்துப்படக் கூறினார்கள். மஹல்லாவின் தலைவரும் இமாமும் போட்டித் திடலில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? இரு அணிக்கும் நடுவில், இருவரோடும் நிற்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயமும் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தொலைவு. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தொலைவு. தகுதிக்கேற்பப் பிரிவு, தெளிவான தொடக்கம், தெளிவான எல்லை! இன்று நாம் வயதுப் பிரிவு என்றும் தொடக்கநிலை என்றும் சொல்வதன் நியாயம் அங்கேயே இருக்கிறது. தோல்வியை ஏற்கும் பண்பையும் அவர்களே கற்றுத் தந்தார்கள். எவராலும் முந்தப்படாதிருந்த அவர்களின் ஒட்டகம் அள்பாவைக் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று விளக்கி அந்த வருத்தத்தைத் தணித்தார்கள்.

ஆயினும், எல்லாப் போட்டியும் நன்மையாகிவிடாது. அல்மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனம் மதுவையும் சூதையும் பற்றிப் பேசும்போது, அவற்றின் வழியாக ஷைத்தான் நாடுவது என்ன என்று எடுத்துரைக்கிறது: உங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டுவது, அல்லாஹ்வின் நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பது. எந்தப் போட்டியையும் எடைபோட நமக்கு இவ்விரண்டும் போதுமான அளவுகோல். போட்டி முடிந்தபின் பகை மிஞ்சியதா? தொழுகை தவறியதா? ஆம் எனில், கோப்பை எவ்வளவு பெரியதாயினும் அது நமக்கு இழப்பே.

இந்த அளவுகோலின்படி நான்கு செய்திகளைப் பெற்றோர் முன்னும் ஜமாஅத் முன்னும் வைக்கிறேன்.

முதலாவது, பணம். ஆட வருவோர் எல்லாரிடமும் தொகை திரட்டி, அதையே வென்றவருக்குப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் நம் பகுதிப் போட்டிகளில் பரவியிருக்கிறது. எவருடைய பணமோ எவருக்கோ போகும் இம்முறையைப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் சூது என்றே கருதுகிறார்கள். இங்கே வெளிப்படையாக இருப்போம்: பந்துக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைப் பகிர்வது வேறு, பரிசுத் தொகையைப் பந்தயமாகத் திரட்டுவது வேறு. வெளியிலிருந்து ஒருவர் பரிசளிப்பதிலும் எந்தெந்தப் போட்டிக்குப் பரிசு கூடும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே உங்கள் மஹல்லா ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆடிய அனைவருக்கும் ஒரே மாதிரியான உணவு பரிமாறி முடித்தாலும் அந்த நாள் குறைந்துவிடாது.

இரண்டாவது, நேரம். ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ர் தொழுதபின் தொடங்கி லுஹருக்கு முன் முடிப்பதே எளிது. தோற்றவர் உடனே வெளியேறும் முறையில் எட்டு ஜோடிகள் ஆடினால், நான்கு ஜோடிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பிவிடும். வென்றவரின் நண்பர்கள் மட்டுமே திடலில் எஞ்சுவார்கள். மாறாக, எட்டு ஜோடிகளை நான்கு நான்காக இரு பிரிவாக்கி, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாருடனும் ஆடட்டும். 12 ஆட்டங்கள், இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி என மொத்தம் 15. ஆட்டத்துக்கு 20 நிமிடம் வைத்தால், ஒரே ஆடுகளத்தில் ஐந்து மணி நேரம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்கு முடியும். முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளையும் குறைந்தது மூன்று முறை ஆடிவிட்டுத்தான் வீடு திரும்புவான். ஊரை ஒன்றாக்க நினைக்கும் போட்டிக்கு இதுவே பொருத்தம்.

மூன்றாவது, ஜோடி. மேலத்தெரு அணி, கீழத்தெரு அணி என்று வைத்தால் பழைய பூசல்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்துவிடும். அதனால் குலுக்கல் முறையில் ஜோடி சேருங்கள். இளையவர் ஒருவருக்கு மூத்தவர் ஒருவர் துணை. இரு குடும்பத்தார் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாமல் இருக்கலாம். அவர்களின் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுது முழுவதும் "நீ எடு, நான் எடுக்கிறேன்" என்று சொல்லி ஆட நேர்ந்தால், பெரியவர்களின் மௌனம் கொஞ்சமாவது தளரும். பக்கத்துத் தெருவின் பிற சமயச் சகோதரர்களையும் அழையுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையை நாம் மேடையில் பேசுகிறோம். திடலில் அதைக் காட்டும் வாய்ப்பு இது.

நான்காவது, நம் பெண்மக்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. முதல் முறை அன்னையார் முந்தினார்கள்; பிற்காலத்தில் நபியவர்கள் முந்தி, அதற்கு இது ஈடு என்று அன்போடு சொன்னார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கோ நடைப்பயிற்சிக்குக்கூட இடமில்லை. சர்க்கரை நோயும் மூட்டு வலியும் நாற்பதுக்கு முன்பே வந்து சேர்கின்றன. மறைப்புடன் கூடிய இடத்தில், தனி நேரத்தில், பெண்களே நடத்தும் போட்டிக்கு வழி செய்வது ஜமாஅத்தின் கடமை. இதை ஒரு சலுகையாக நினைக்க வேண்டாம்.

"இதெல்லாம் நேர விரயம், பிள்ளைகள் ஓதுவதை விட்டுவிடுவார்கள்" என்று சிலர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. நானும் அவ்வாறு அஞ்சியவனே. ஆனால், அஸருக்குப் பின் நம் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? திண்ணையில் நால்வர் அமர்ந்திருக்கிறார்கள். நால்வரின் கண்களும் நான்கு கைபேசிகளில். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் குடும்பங்களைக் கெடுத்த செய்திகளையும் நாம் அறிவோம். பிள்ளைகள் திடலில் ஆடினால் நம் கண் முன்னால் ஆடுகிறார்கள். பாங்கு ஒலித்ததும் மட்டையைக் கீழே வைத்து ஒன்றாக உளூச் செய்யச் செல்லும் பழக்கத்தை அங்கேதான் கற்பிக்க முடியும். அதை வகுப்பறையில் நான் நூறு முறை சொன்னாலும் ஒரு முறை செய்வதற்கு ஈடாகாது.

எந்த ஆட்டம் என்பது முக்கியமன்று. பிக்கிள்பால் மட்டைகள் கிடைக்காவிட்டால் இறகுப்பந்து. அதுவும் இல்லையெனில் கேரம் பலகை. பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறைக் குறியுங்கள். இளைஞர்கள் நடத்தட்டும், பெரியவர்கள் நாற்காலி போட்டு அமர்ந்து பார்க்கட்டும். அந்தக் கூட்டத்தில் நான் வாய் மூடியிருந்ததைப் போல் இனி எந்த ஆசிரியரும் இருக்க வேண்டாம். பள்ளிவாசலுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று மீண்டும் எவரேனும் கேட்டால், அந்தப் பந்தை ஆடும் பிள்ளை நம் ஸஃப்பில் நிற்க வேண்டிய பிள்ளை என்று சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையையும் ஈமானின் வலிமையையும் தருவானாக! நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.