எக்ஸ்ரே எடுப்பவர் வெறும் ‘பொத்தான் அமுக்குபவர்’ அல்ல!

கடம்பத்தூர் பக்கத்தில் தொழிற்சாலை வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்! அங்கே டாக்டர் என்ன சொல்வார்?

“எக்ஸ்ரே எடுத்து வாருங்கள்.”

அந்தப் படத்தை எடுப்பவர் ரேடியோகிராபர். அரசாங்கம் அவரை ‘நுண்கதிர்வீச்சாளர்’ என்கிறது. ஜனங்களோ, “எக்ஸ்ரே எடுக்கிற ஆள்” என்று சொல்லிவிடுகிறார்கள்!

ஆபத்தான கதிர்

1895-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, ராண்ட்ஜன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அதன் ஆபத்து அப்போது யாருக்கும் தெரியாது. எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, இந்தக் கதிர் பட்டுப் பட்டே 1904-ல் உயிரிழந்தார்.

ஆகவே, எவ்வளவு கதிர், எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று படித்துத் தெரிந்தவர்தான் படம் எடுக்கவேண்டும். படம் பழுதானால் மறுபடியும் எடுக்கவேண்டும். நோயாளி மீது மறுபடியும் கதிர் பாயும். எலும்பின் மெல்லிய விரிசல் தெரியாமலே போகவும் கூடும். அந்தத் தொழிலாளிக்குக் கைதானே பிழைப்பு?

வளர்ந்த வேலை

முன்பு இருட்டறையில் பிலிம் கழுவினார்கள். இன்று கம்ப்யூட்டர் திரையிலேயே படம் தெரிகிறது. சி.டி., எம்.ஆர்.ஐ. என்று புதுக்கருவிகள் வந்துவிட்டன. இங்கிலாந்தில், மேற்படிப்பு முடித்த ரேடியோகிராபர்கள் படத்தைப் பார்த்து அறிக்கையே எழுதுகிறார்கள்.

நம் நாட்டில் 2021-ல் ஒரு சட்டம் வந்தது. ரேடியோகிராபர் உள்ளிட்ட மருத்துவத் துணைத் தொழில்களுக்குப் படிப்பின் தரம், பதிவேடு எல்லாம் வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம்! ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. தகுதி பெற்றவரையே வேலைக்கு வைக்கவேண்டும். தகுதிக்கு ஏற்ற சம்பளம் தரவேண்டும். அவர் உடலில் பட்ட கதிரை அளக்கும் பட்டை, சின்ன ஆஸ்பத்திரியிலும் அவர் மார்பில் இருக்கவேண்டும். படத்தில் சந்தேகம் தெரிந்தால், டாக்டரிடம் உடனே சொல்லும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. “நகையைக் கழற்றுங்கள், மூச்சை அடக்குங்கள்” என்றால் முகம் சுளிக்காதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புறப்படும்போது, டாக்டருக்குச் சொல்லும் நன்றியை அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் உடம்பின் உள்ளே முதலில் பார்த்தவர் அவர்தான்!